கறையான் புகாத பெட்டி

2021ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நெய்வேலியில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியறையில், இரும்பு பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு நகைப்பெட்டியை இறக்கினோம். பெட்டிக்குள் நகை ஏதும் இல்லை. பஞ்சில் பொதிந்த பென் டிரைவ் ஒன்று இருந்தது. கொள்ளளவு 16 ஜி.பி. ஏழாண்டுகளுக்கு முன் நாங்களே அவ்வாறு பொதிந்து பூட்டி வைத்தது. மடிக்கணினியில் செருகினோம். அதன் சிறு விளக்கு ஒளிர்ந்தது. எங்கள் முகங்களும் ஒளிர்ந்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது. இவ்வட்டைப் பயன்படுத்துவதற்கு முன் வடிவமைக்க வேண்டும், வடிவமைக்கலாமா என்று கணினி பணிவுடன் கேட்டது.

உள்ளே இருந்தவை 23 மணிநேரக் குரல்கள். அவற்றுள் சில, மண்ணுக்குள் போய்விட்டவர்களின் குரல்கள்.

நாங்கள் என்பது மூவர். கல்லூரியில் தமிழ் கற்பிப்போர் இருவர். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசக நண்பர் ஒருவர். ஆண்டுதோறும் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் சந்தித்துக்கொண்டிருந்த பழக்கம் முதிர்ந்து நட்பானது. இக்கட்டுரை எங்கள் அறியாமையின் வரலாறு. இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம், இலக்கிய அன்பர்கள் பலர் இன்றும் தம் வாழ்நாள் உழைப்பை ஒரு பென் டிரைவில் இட்டு, அதைச் சட்டைப்பையிலோ மேசையறையிலோ வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குவதைக் காண்பதுதான்.

*

நெய்வேலியின் வரலாற்றை அறியாத வாசகர்க்குச் சில சொற்கள். தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட பழுப்புநிறப் பொருளைப் புறந்தள்ளாது, அதன் இயல்பை அறிய முனைந்தவர் ஜம்புலிங்க முதலியார். 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். இந்நிறுவனம் இன்று என்.எல்.சி. இந்தியா என்னும் பெயரால் இயங்குகிறது. சுரங்கம் விரியவிரிய ஊர்கள் இடம்பெயர்ந்தன. ஏரியும் புளியந்தோப்பும் ஐயனார் கோயிலும் இருந்த இடங்கள் இன்று பெரும்பள்ளங்கள். அவ்வூர்களின் மக்கள் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். ஊர்ப்பெயர் அவர்களுடைய பேச்சில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் சுரங்க நண்பர் இருபதாண்டுகளாகத் தம் பக்கத்து ஊர்களில் கேட்ட பாட்டுகளைப் பள்ளி நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அன்று பிரிந்த கூரையின் வழியே இறங்கிய மழையில் அவை நனைந்தன. அதைக் கண்டபோது எங்களுக்குள் ஓர் எண்ணம் வேரூன்றியது. காகிதம் நனையும், கிழியும், செல்லரிக்கும். கணினிக் கோப்புக்கு அத்தகைய துன்பம் ஏதும் இல்லை என்பதே அது. எவ்வளவு பிழையான எண்ணம் என்று அறிய எங்களுக்குப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

2012 முதல் 2014 வரை விடுமுறை நாள்களில் குரல்பதிவுக் கருவியுடன் அலைந்தோம். முதியோர் பதினால்வர் பாடினர், பேசினர். நடவுப்பாட்டு, தாலாட்டு, ஏற்றம் இறைப்போர் எண்ணிப் பாடும் பாட்டு எனப் பலவும் கிடைத்தன. அவற்றுள் ஒன்றை மறக்கவியலாது. எண்பது கடந்த ஆயா ஒருவர் ஒப்பாரி பாடினார். அது மாண்ட மனிதர்க்கான ஒப்பாரி அன்று. தோண்டப்பட்ட தம் ஊருக்கான ஒப்பாரி. கிழக்குத் தெருக் கிணற்றை அண்ணன் என்றும், ஏரிக்கரை ஆலமரத்தைத் தாய்மாமன் என்றும் முறைவைத்து அழைத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே விடைபெற்றுக்கொண்டு போனார். 22 நிமிடங்கள். பாடி முடித்தபின் எங்கள் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார்.

“இவ்ளோ பாட்டும் இத்தினியூண்டு பொட்டிக்குள்ள அடங்கிடுமா சாமி?”

“அடங்கிடும் ஆயா. இனிமே அழியவே அழியாது” என்றோம்.

பின்னர் நடந்தது எல்லா வீடுகளிலும் நடப்பதே. அடுத்த பதிவுக்கு இடம் வேண்டிக் கருவியிலிருந்த மூலங்களை அழித்தோம். துறையிலிருந்த பழைய கணினியை மாற்றினார்கள். அதன் வன்தட்டு அதனுடன் போயிற்று. ஒவ்வொரு முறையும் நாங்கள் சொல்லிக்கொண்ட ஆறுதல் ஒன்றே: பென் டிரைவில் இருக்கிறதே!

*

அறிவிப்பைக் கண்ட அன்று நாங்கள் செய்த நற்செயல் ஒன்றுதான். ‘வடிவமைக்க’ என்னும் பொத்தானை அழுத்தவில்லை. சென்னையில் இத்தொழில் அறிந்த ஒருவரிடம் கொடுத்தோம். மூன்று வாரங்களுக்குப் பின் 9 மணிநேரப் பதிவுகளை மீட்டுத் தந்தார். 14 மணிநேரம் மீளவில்லை. பென் டிரைவின் விலை அறுநூறு ரூபாய்க்கும் குறைவு. மீட்புக்குக் கொடுத்தது 11,000 ரூபாய். ஆயாவின் ஒப்பாரி மீண்டவற்றுள் இல்லை. அவர் 2018இலேயே காலமாகிவிட்டார்.

“கீழ விழுந்துச்சா சார்? தண்ணி பட்டுச்சா?” என்று பழுதுபார்த்தவர் கேட்டார். ஏதும் இல்லை, பத்திரமாக வைத்திருந்தோம் என்றோம். “எத்தினி வருசமா?” என்றார். சொன்னோம். எங்கே வைத்திருந்தோம் என்று கேட்டார். வெயில் தாக்கும் மாடியறையில், இரும்பு பீரோவில் என்றோம். “அதான் சார்” என்றார்.

அந்த ‘அதான்’ என்னும் சொல்லின் பொருளை அறிவதற்காகவே அதன்பின் படிக்கத் தொடங்கினோம். தமிழ் படித்தவர்களுக்கு மின்னணுவியல் எளிதன்று. ஆயினும் விளங்கிய அளவில் சொல்கிறோம்.

பென் டிரைவுக்குள் சுழலும் தட்டோ ஊசியோ கிடையாது. இருப்பவை முதன்மையாக இரண்டு சில்லுகள். ஒன்று சேமிக்கும் சில்லு. மற்றொன்று அதை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு. சேமிக்கும் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு தீவு. அத்தீவில் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதே எழுதுதல், வெளியேற்றுவதே அழித்தல். இந்தத் தீவுக்கு மிதவை வாயில் என்று பெயர். பெல் ஆய்வகத்தில் டாவொன் காங், சைமன் சீ இருவரும் 1967இல் முன்மொழிந்தது அது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். இன்று பென் டிரைவுகளில் உள்ள நாண்ட் வகை 1987இல் வந்தது. ஒரு பெரும்பகுதியை ஒரே வீச்சில் அழித்துவிடுவதைக் கண்ட உடன்பணியாளர் ஒருவருக்குப் புகைப்படக் கருவியின் மின்வெட்டு நினைவுக்கு வந்ததாம். பெயர் அப்படித்தான் அமைந்தது. சேமிப்பதற்கான பொருளுக்கு அழித்தலின் வேகத்தால் பெயர் அமைந்தது எங்களுக்கு வியப்பளித்தது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் உருவாக்கியதை ஐ.பி.எம்.மும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. பின்னதன் கொள்ளளவு 8 எம்.பி.

எலக்ட்ரான்களை அடைத்து வைத்திருக்கும் காப்புப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு. எழுதும்போதும் அழிக்கும்போதும் உயர்மின்னழுத்தத்தால் எலக்ட்ரான்கள் அப்படலத்தின் ஊடாகவே தள்ளப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு முறை எழுதி அழிக்கையிலும் படலம் சிறிது நைகிறது. ஓர் அறைக்கு இரண்டு நிலைகளை மட்டும் வைக்கும் பழைய வகைச் சில்லுகள் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை தாங்கின. விலை குறையவும் கொள்ளளவு பெருகவும் ஓர் அறையிலேயே பல நிலைகளை வைக்கத் தொடங்கினர். குடத்தில் நீர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது எளிது. அதே குடத்தில் எட்டுக் கோடுகள் கீறி, நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாயின், ஒரு சொட்டுக் கசிவும் பிழையாகும். எட்டு நிலை வகைச் சில்லுகள் தாங்குவது பொதுவாக ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையே. நாம் கடையில் வாங்கும் மலிவான பென் டிரைவுகளில் இருப்பவை பெரும்பாலும் இத்தகையன.

எழுதாமல் சும்மா வைத்திருந்தால் நைவு இல்லை. ஆனால் கசிவு உண்டு. அடைபட்ட எலக்ட்ரான்கள் ஓயாது வெளியேற முயல்கின்றன; காலமும் வெப்பமும் அவற்றுக்குத் துணை. திடநிலை வட்டுகளுக்கான தொழில்துறைத் தரவரையறை ஒன்று, தன் எழுத்துத் தவணையை முழுதும் பயன்படுத்திவிட்ட நுகர்வோர் வகை வட்டு, மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்கிறது. ஓராண்டுதான். அதிகம் எழுதப்படாத புதிய சில்லு இதைவிட நெடுங்காலம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், மாடியறையில், மூடிய இரும்புப் பெட்டிக்குள் 30 டிகிரி என்பது ஏது?

சுரங்க நண்பர் இதைத் தம் தொழிலிலிருந்து விளக்கினார். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் நீர்த்தொகுதி ஒன்று அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் வழியே இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் நிலைக்கும். “பம்ப நிறுத்திட்டுப் பூட்டு போட்டா சுரங்கம் பத்திரமா இருக்கும்னு யாராவது நெனைப்பாங்களா? நாம அதைத்தான் பண்ணியிருக்கோம்” என்றார். வைத்திருத்தல் என்பது ஒரு நிலை அன்று, தொடர்ந்து செய்யவேண்டிய வினை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

மற்றொரு வினாவும் எங்களை அலைக்கழித்தது. கசிவு சிறிது சிறிதாகத்தானே நிகழ்கிறது? அவ்வாறாயின் குரல் சிறிது சிறிதாக மங்கியிருக்க வேண்டாமா? ஏன் ஒரேயடியாக இல்லாமற்போயிற்று? இதற்கான விடை, எதிர்பாராத வகையில், எங்கள் துறைக்குள்ளேயே கிடைத்தது. செல்லரித்த ஏட்டில் ஓரெழுத்து இல்லையெனில் பதிப்பாசிரியர் என்ன செய்கிறார்? எதுகையைப் பார்க்கிறார், மோனையைப் பார்க்கிறார், தளை தட்டுகிறதா என்று பார்க்கிறார். விடுபட்ட எழுத்தை நிரப்பிவிடுகிறார். செய்யுளுக்குள் கட்டுக்கோப்பாக அமைந்திருக்கும் யாப்பே அழிந்ததை மீட்கத் துணையாகிறது. கட்டுப்பாட்டுச் சில்லும் அதையே செய்கிறது. தகவலோடு தகவலாகத் திருத்தக் குறியீடுகளையும் எழுதி வைத்து, படிக்கும்போது பிழைகளைத் திருத்தியே நமக்குத் தருகிறது. ஓரடியில் ஓரெழுத்து போனால் மீட்கலாம். ஓரெழுத்து எஞ்சி மற்றவை போனால் எவராலும் ஆகாது. அந்த எல்லையைக் கடக்கும்வரை நமக்குக் குறை ஏதும் தெரிவதில்லை. கடந்த கணத்தில் முற்றாக இழக்கிறோம். நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுவே.

*

கசிவு ஒன்றே காரணம் அன்று. பென் டிரைவ்கள் மடியும் வழிகள் பல. மடிந்தது எவ்வழியில் என்பதைப் பொறுத்தே மீட்சியும் அமைகிறது.

முதலாவது, கழுத்து முறிதல். கணினியில் செருகியிருக்கையில் முழங்கை இடித்தால் இணைப்பு முனையின் பற்றவைப்பு விரிகிறது. இதில் சில்லுக்கு ஊறு நேர்ந்திருக்காது. தேர்ந்தவர் மீண்டும் பற்றவைத்துத் தகவலை எடுத்துவிடுவார். அசைத்து அசைத்துச் செருகிப் பார்ப்பதுதான் தீங்கு.

இரண்டாவது, அட்டவணை சிதைதல். கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கையிலேயே பென் டிரைவைப் பிடுங்கினால், அல்லது மின்சாரம் நின்றால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை பாதியில் நின்றுவிடுகிறது. நூலின் பக்கங்கள் யாவும் இருக்க, பொருளடக்கம் மட்டும் கிழிந்த நிலை. 2018க்குப் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகள் முதற்கொண்டு உடனே பிடுங்கினும் பெரும்பாலும் கேடில்லாதவாறு அமைப்பு மாற்றப்பட்டிருக்கிறது. ஆயினும் படியெடுப்பு முடியுமுன் பிடுங்கினால் எந்த அமைப்பும் காக்காது. ‘பாதுகாப்பாக நீக்குக’ என்பதை அழுத்திச் சில நொடிகள் காத்திருப்பது நல்ல பழக்கம். இத்தகைய சிதைவில் மீட்சிக்கு வாய்ப்பு மிகுதி. ஆனால் அதில் புதிதாக எதையும் எழுதக்கூடாது, வடிவமைக்கக் கூடாது. முதலில் அதன் முழுப்படிமத்தை வேறொரு வட்டில் எடுத்துக்கொண்டு, அப்படிமத்தின் மீதே டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களை இயக்கிப் பார்க்க வேண்டும். மூல ஏட்டின் மீது மை தடவிப் பார்க்கலாகாது என்பது நாம் அறியாததா?

மூன்றாவது, கட்டுப்பாட்டுச் சில்லே மடிதல். அப்போது கொள்ளளவு சுழியம் என்று காட்டும், அல்லது கேள்விப்படாத பெயரொன்றைக் காட்டும். வீட்டு மருந்து பலிக்காத நோய் இது. மடிவதற்கு முன் சில பென் டிரைவ்கள் எழுத மறுத்துப் படிக்க மட்டும் இசையும். படியெடுத்தல் வழக்கத்தைவிட மெல்ல நடக்கும். கருவி மிகையாகச் சூடேறும். இவை மரணப்படுக்கையின் அறிகுறிகள். அன்றே வேறிடத்தில் படியெடுத்துவிட வேண்டும்.

நான்காவது, பொய்க் கொள்ளளவு. எட்டு ஜி.பி. சில்லை வைத்து, அறுபத்து நான்கு என்று கணினியிடம் பொய் சொல்லுமாறு கட்டுப்பாட்டுச் சில்லை அமைத்து விற்பவர்கள் உண்டு. எட்டு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன்பின் எழுதுபவை காற்றில் எழுதியவையே. வியக்கத்தக்க மலிவு கண்டால் ஐயுறுவது நன்று. வாங்கியவுடன் முழுக் கொள்ளளவையும் நிரப்பிப் படித்துப் பார்க்கும் எஃப்3 போன்ற இலவச மென்பொருள்களால் சோதிக்கலாம்.

ஐந்தாவதை நோய் என்பதைவிடப் பீதி எனலாம். ஒரு காலத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவ்களில் கோப்புகள் மறைந்து, குறுக்குவழிக் குறிகள் மட்டும் நின்றதைக் கல்லூரியில் பணியாற்றிய எவரும் கண்டிருப்பர். நச்சுநிரல் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து வைத்திருக்கும். மாணவர்கள் பதறி வடிவமைத்து, இருந்த ஆய்வேட்டையும் இழந்த கதைகள் பலவற்றைக் கேட்டிருக்கிறோம். அச்சிடக் கொடுப்பதற்கென்று தனியே ஒரு பென் டிரைவ் வைத்துக்கொண்டு, அதில் அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் இட்டுச் செல்வது அறிவுடைமை. மின்னஞ்சலில் அனுப்புவது அதனினும் நன்று.

பென் டிரைவிலேயே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தட்டச்சு செய்வதையும் தவிர்க்க வேண்டும். மென்பொருள் தானே அடிக்கடி சேமித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சேமிப்பும் ஒரு நைவு. கணினியில் எழுதி, முடிந்தபின் பென் டிரைவில் இடுவதே முறை.

*

இவையெல்லாம் தெரிந்தபின் எங்கள் மனம் அடிக்கடி சென்று நின்ற இடம் சிதம்பரம். எங்களூரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவு. தேவார ஏடுகளைப் பற்றித் திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதையைப் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். தில்லைக் கோயிலின் அறையொன்றில், மூவர் கைச்சாத்துடன் பூட்டப்பட்டிருந்த ஏடுகளை இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று திறந்து பார்த்தபோது புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்ததில் கிடைத்தது ஒரு பகுதி மட்டுமே. இக்கதையை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். பூட்டும் இலச்சினையும் ஏட்டைக் காக்கவில்லை என்பதை ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. நாங்கள் வாங்கியது கறையான் புகாத பெட்டி என்று நம்பினோம். அதன் கறையான் உள்ளேயே இருந்தது.

நேர்மாறான சான்றும் நம் மரபிலேயே உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்கு, அந்நூலின் ஏட்டுப் பிரதிகள் பல ஊர்களில், மடங்களிலும் வீடுகளிலும் பரவிக் கிடந்தமையே காரணம். ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் இருந்தது. பனையோலையின் ஆயுளும் குறைவுதான். அதை அறிந்தே முன்னோர் மீண்டும் மீண்டும் படியெடுத்தனர். ஓலை நிலைக்கும் என்று நம்பியவர்கள் அல்லர் அவர்கள். படியெடுப்போர் வருவர் என்று நம்பியவர்கள். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் செய்துவருவது, அடிப்படையில், பழைய படியெடுப்பு வேலையே. பலர் இறக்கிக்கொள்ளுமாறு திறந்து வைத்திருப்பதே அவற்றின் பூட்டு.

*

2022 தொடக்கத்தில், இழந்ததை நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்க ஆயாவின் வீட்டுக்குப் போனோம். தகர ஷெட்டில் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பேரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் தம் கைப்பேசியை எடுத்தார்.

“ஆயா பாட்டு எங்கிட்ட இருக்குதே சார். நீங்கதான குடுத்தீங்க?”

எங்களுக்கு நினைவே இல்லை. 2013இல், பதிவைக் கேட்டுவிட்டு அவர் ஆசைப்பட்டதால், முதல் நான்கு நிமிடங்களை மட்டும் வெட்டி ப்ளூடூத்தில் அனுப்பியிருக்கிறோம். அவருடைய பழைய கைப்பேசி சிறியது. முழுதும் ஏறாது என்று அவ்வாறு செய்திருக்க வேண்டும். அவர் கைப்பேசி மாற்றும்போதெல்லாம் முதல் வேலையாக அதை மாற்றிக்கொண்டிருந்தார். ஆயாவின் காரியத்தன்று உறவினர் அனைவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். திருப்பூரில் ஒரு பேத்தியிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் ஒருவரிடம் இருக்கிறது. அக்கைப்பேசிகளில் இருப்பதும் அதே வகைச் சில்லுதான், அதே கசிவுதான். ஒருவரும் அதைப் பஞ்சில் பொதிந்து வைக்கவில்லை. கேட்டார்கள், அனுப்பினார்கள், மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

தானே புயலில் நனைந்த நண்பரின் நோட்டுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெயிலில் உலர்த்தி எடுத்தார். மை பரவியிருக்கிறது, ஓரங்கள் பழுத்திருக்கின்றன. இன்றும் படிக்கலாம்.

இப்போது எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதி ஒன்றுண்டு: படிகள் மூன்று, ஊடகங்கள் இரண்டு, அவற்றுள் ஒன்று வேறு ஊரில். எங்கள் 9 மணிநேரம் இரண்டு வன்தட்டுகளிலும் இணையச் சேமிப்பிலும் இருக்கிறது; வன்தட்டுகளுள் ஒன்று விருத்தாசலத்தில் வேறொரு நண்பர் வீட்டில் உள்ளது. பாடியோர் குடும்பங்கள் அனைத்துக்கும் அவரவர் பாட்டைக் கொடுத்துவிட்டோம். பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. இருப்பிடமாக அதை வைப்பதில்லை. சரஸ்வதி பூஜையன்று ஏட்டைத் தொடலாகாது, மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் படித்தே ஆகவேண்டும் என்பது வீட்டு மரபு. அம்மறுநாளில் நாங்கள் மூவரும் கூடி, கோப்புகளைத் திறந்து கேட்டு, புதிதாகப் படியெடுத்து, எண்ணிக்கையைச் சரிபார்க்கிறோம். செருகி எடுத்தால் மட்டும் போதாது. முழுதும் புதிதாக எழுதினால்தான் அறைகளில் மின்னூட்டம் புதுப்பிக்கப்படும். பாட்டுத்தொகையைப் பாயிரத்திலேயே சொல்லி வைத்த புலவர்களைப் போல, கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் இறுதியில் ஆயாவின் நான்கு நிமிடங்களைக் கேட்கிறோம். கிணற்றிடம் விடைபெறுகிறார், களத்துமேட்டிடம் விடைபெறுகிறார், ஏரிக்கரையை நோக்கி நடக்கிறார். ஆலமரத்தை அடையுமுன் பாட்டு அறுந்துவிடுகிறது. அந்த இடத்தில் வெட்டியவர்கள் நாங்கள்தாம். மீதி பத்திரமாக இருக்கிறது என்று நம்பி வெட்டினோம்.